மறுதலித்தவர்கள் – அத்தியாயம் 6: மொட்டைக் கடிதமும் சமாதானச் சீட்டும்

அந்தக் கடிதத்தில் கையெழுத்து இல்லை. யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்ற குறிப்பும் இல்லை. நம்மூரில் இதை மொட்டைக் கடிதம் என்போம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான், ஒளிந்திருந்த இடத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

ரோமாபுரியிலிருந்து கிரெமென்சியுஸ் என்ற துணைத்தொண்டர் கொண்டுவந்து சேர்த்தவை இரண்டு. முதலாவது துக்கச் செய்தி. ரோமைச் சபையின் ஆயர் ஃபாபியன் 250 ஜனவரி 20 அன்று விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்துவிட்டார். இரண்டாவதுதான் மொட்டைக் கடிதம். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. சிப்ரியான் முக்கியமான மனிதர் ஆயிற்றே, அவர் ஒதுங்கியிருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு வரி. அதையொட்டியே நல்ல மேய்ப்பனையும் கூலிக்காரனையும் பற்றிய வேத வசனம். ஓநாய் வந்ததும் ஆடுகளை விட்டுவிட்டு ஓடுகிறவன் யார்? பெயர் போடவில்லை. தங்கள் ஆயர் ஓடாமல் நின்று செத்தார் என்ற சேதி கூடவே வந்திருக்கும்போது பெயர் எதற்கு?

சிப்ரியான் கிறிஸ்தவராவதற்கு முன்பு சொல்லாட்சி கற்றுக்கொடுத்துப் பேர் வாங்கியவர். வஞ்சப்புகழ்ச்சியை அடையாளம் காண அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவர் கோபப்படவில்லை. கோபத்தைக் காட்டவில்லை என்று சொல்வதுதான் பொருத்தம். 'எழுத்தும் கருத்தும், ஏன், தாளும்கூட எனக்குச் சந்தேகத்தைத் தருகின்றன. இது உங்களிடமிருந்து வந்ததாக இருக்க முடியாது. யாரோ எதையோ மாற்றியிருக்கவேண்டும். அசலையே திருப்பி அனுப்புகிறேன், உங்களுடையதுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்ற கருத்தில் ரோமைக் குருக்களுக்குப் பதில் போட்டார். எழுதியவர்களைக் கொண்டே 'நாங்கள் எழுதவில்லை' என்றோ 'ஆமாம், நாங்கள்தான்' என்றோ சொல்லவைக்கும் சாமர்த்தியம் அது. பிற்பாடு, தலைமறைவாக இருந்தபடியே தன் சபைக்கு எழுதிய 13 கடிதங்களின் நகல்களையும் ரோமைக்கு அனுப்பிவைத்தார். உடல்தான் ஊரில் இல்லை, வேலை நிற்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

ஊரை விட்டுப் போனதற்கு அவரிடம் காரணம் இருந்தது. சிப்ரியானைச் சிங்கத்துக்குப் போடு என்று கார்த்தேஜ் கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஊருக்குள் இருந்தால் அந்த வெறி சபை முழுவதன் மேலும் திரும்பும். அவருடைய சொத்து யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அரசாங்கம் பொது அறிவிப்பே கொடுத்துவிட்டது. காரணம் நியாயமானதுதான். அவர் கோழையா இல்லையா என்பதை இந்தத் தொடரின் கடைசி அத்தியாயம் சொல்லும். இப்போதைக்கு அவருக்கு முன்னால் இருந்த சங்கடம் வேறு. ஓடி ஒளிந்தவர், நின்று விழுந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

* * *

விழுந்தவர்கள் யார்?

பேரரசர் டேசியஸின் கட்டளை நினைவிருக்கும். குடிகள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பானபலி ஊற்றி, பலி இறைச்சியை வாயில் வைத்து, அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரிகளிடம் ஒரு சான்றுச் சீட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். எகிப்தின் மணல் அப்படிப்பட்ட சீட்டுகள் 40-க்கும் மேல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. 1893-ல் வெளியான ஒன்றில் விண்ணப்பதாரர் பெயர் அவுரேலியுஸ் டியோஜெனஸ். வயது 72. அடையாளம், வலது புருவத்தில் தழும்பு. நான் எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் கண்ணெதிரிலேயே பலியிட்டு, ஊற்றி, சுவைத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன் என்ற வாசகம். தேதி, 250 ஜூன் 26. கிழவர் கிறிஸ்தவராக இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. முதலைக் கடவுளின் பூசாரியாக இருந்த ஒரு பெண்மணிகூட இதே சீட்டை வாங்கியிருக்கிறார்! அரசாங்கத்துக்கு எல்லோரும் ஒன்றுதான்.

கார்த்தேஜில் நடந்ததைச் சிப்ரியானே பின்னர் எழுதினார். வாசிக்கக் கூசும் வரிகள். யாரும் வந்து பிடித்து இழுப்பதற்கு முன்பே விசுவாசிகள் தாங்களாகவே சந்தைவெளிக்கு ஓடினார்கள். சாயங்காலமாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, இல்லை, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள் உண்டு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. இன்னொரு வகையினர் கொஞ்சம் விவரமானவர்கள். அவர்கள் பலிபீடத்தின் பக்கமே போகவில்லை. அதிகாரி கையில் காசை வைத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் பலியிடவில்லையே, என் மேல் என்ன குற்றம் என்று கேட்டார்கள்.

பலியிட்டவரும் சீட்டு வாங்கியவரும் ஒன்றா? சபை அடுத்து வந்த பல ஆண்டுகளுக்குத் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இதுதான்.

சிப்ரியானின் மனம் அப்போது எவ்வளவு இறுகிக் கிடந்தது என்பதற்கு அவர் சொல்லும் ஒரு சம்பவமே போதும். பெற்றோர் தப்பியோடும் அவசரத்தில் கைக்குழந்தையைத் தாதியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். தாதி பயந்துபோய்க் குழந்தையை அதிகாரிகளிடம் கொண்டுபோகிறாள். அதற்கு இறைச்சி தின்னும் வயதில்லை. பலியில் மிஞ்சிய திராட்சரசத்தில் அப்பத்தை நனைத்து ஊட்டுகிறார்கள். திரும்பி வந்த தாய்க்கு இதெல்லாம் தெரியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வழிபாட்டுக்கு வருகிறாள். சிப்ரியான் அங்கே இருந்தார். ஜெபம் தொடங்கியதிலிருந்தே குழந்தை துடித்து அழுகிறது. திருத்தொண்டர் கிண்ணத்தை நீட்ட, முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை இறுக்கி மூடுகிறது. அவர் விடவில்லை, வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றுகிறார். குழந்தை வாந்தியெடுத்துவிடுகிறது.

கெட்டுப்போன வாயில் நற்கருணை தங்காது என்பதற்குக் கடவுள் காட்டிய அடையாளமாக இதைச் சிப்ரியான் எழுதிவைத்தார். எனக்கு அந்தக் குழந்தையை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. சிப்ரியானின் எழுத்தில் அதற்கு ஒரு சொல் இரக்கம் இல்லை. இந்த மனிதர் மாறப்போகிறார். அதை நம்புவதற்கு வாசகருக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

* * *

சிறையில் இருந்தவர்களின் கதைக்கு வருவோம்.

பசியும் தாகமும் வெக்கையும் தாங்கிக்கொண்டு விசுவாசத்தை விடாதவர்கள் அவர்கள். சபை அவர்களைச் சாட்சிகள் என்று தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அவர்களுடைய ஜெபத்துக்குத் தனி வலிமை உண்டு என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால், விழுந்தவர்கள் சிறை வாசலில் போய் நின்றார்கள். எங்களுக்காக ஒரு வார்த்தை எழுதிக்கொடுங்கள். அந்த வார்த்தைதான் சமாதானச் சீட்டு. இன்னாரைச் சபையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற பரிந்துரை.

ரோமாபுரியில் செலரினுஸ் என்ற இளைஞர், தானே சிறையும் சித்திரவதையும் கண்டவர், கார்த்தேஜ் சிறையில் இருந்த தன் நண்பர் லூசியானுக்கு ஒரு கடிதம் எழுதினார். நுமேரியா, காந்திதா என்ற இரண்டு சகோதரிகள் விழுந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி பலிபீடத்துக்குப் போகும் வழியில் பாதி தூரம் ஏறிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி இறங்கிவிட்டாள். பண்டிகை நாட்களிலும் செலரினுஸ் அழுதுகொண்டிருந்தார். இப்போது அந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கார்த்தேஜிலிருந்து நாடுகடத்தப்பட்டு ரோமைத் துறைமுகத்தில் வந்திறங்கிய சாட்சிகளை எதிர்கொண்டு அழைத்து, 65 பேருக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு மன்னிப்பு கிடையாதா?

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? லூசியானாலும் முடியவில்லை. அவரிடம் ஏற்கெனவே ஓர் அனுமதி இருந்தது. உயிர்விடும் முன் வேதசாட்சி பவுலுஸ் அவரைக் கூப்பிட்டு, நான் போன பிறகு யார் சமாதானம் கேட்டு வந்தாலும் என் பெயரால் கொடுத்துவிடு என்று சொல்லியிருந்தார். லூசியான் கொடுத்தார். ஒருவருக்கு, இருவருக்கு என்றில்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

சீக்கிரத்தில் விவகாரம் கைமீறியது. இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்க என்று சீட்டுகள் வரத் தொடங்கின. அவரைச் சேர்ந்தவர்கள் என்றால் எத்தனை பேர்? மனைவி மக்களா, வேலைக்காரர்களா, தெருக்காரர்களா? ஒரு சீட்டைக் காட்டி 20, 30 பேர் உள்ளே வரலாம் என்று சிப்ரியான் புலம்பினார். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் சீட்டுகள் பறக்கின்றன என்று ரோமைக்கு எழுதினார். கடைசியில் சாட்சிகள் எல்லோருடைய பெயராலும் லூசியான் அவருக்கே ஒரு கடிதம் அனுப்பினார். நாலைந்து வரிதான். நாங்கள் எல்லோருக்கும் சமாதானம் கொடுத்துவிட்டோம், மற்ற ஆயர்களுக்கும் நீங்கள் தெரிவித்துவிடுங்கள் என்பது அதன் சாரம்.

ஒளிந்திருக்கும் ஆயருக்குச் சிறையில் இருப்பவர்கள் உத்தரவு போடுகிறார்கள்! வேதனைப்பட்டவனுக்குத்தான் மன்னிக்கும் உரிமை என்றால் பிறகு ஆயர் எதற்கு?

சிப்ரியான் இறங்கி வரவில்லை, முழுக்கக் கதவைச் சாத்தவும் இல்லை. சீட்டு வைத்திருப்பவர் சாகக் கிடந்தால் குருக்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பொறுக்கவேண்டும். துன்பம் ஓய்ந்து, ஆயர்கள் கூடி, ஒவ்வொருவர் கதையையும் கேட்டபின்தான் முடிவு. பொறுக்க முடியாதவர்களுக்கு வழி இருக்கிறது, போராட்டம் இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறது, போய்ச் சாட்சி சொல்லட்டும் என்றும் எழுதினார். ஒளிவிடத்திலிருந்து அந்த வரியை எழுத அவருக்குக் கை கூசியிருக்காதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கார்த்தேஜில் அவரைப் பிடிக்காத ஐந்து குருக்கள் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றுச் சில வருடங்களே ஆன ஒருவர் தங்களுக்கு மேலே ஆயராக உட்கார்ந்ததை அவர்கள் ஜீரணிக்கவேயில்லை. ஃபெலிசிசிமுஸ் என்ற திருத்தொண்டர் அவர்களுக்குத் தளபதி. இனி எங்களோடு இருங்கள், தவமும் வேண்டாம் தாமதமும் வேண்டாம் என்று அந்தக் கோஷ்டி விழுந்தவர்களைக் கூவியழைத்தது. 251-ல் டேசியஸ் கோத்தியர்களோடு போரிட்டுச் செத்தார். அந்நியப் படையோடு பொருதி மாண்ட முதல் ரோமைப் பேரரசர் அவர்தான். அதற்குள் துன்பம் தணிந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா கழிந்தபின் சிப்ரியான் ஊர் திரும்பினார். ஆப்பிரிக்க ஆயர்கள் கூடினார்கள். காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது, பலியிட்டவர்கள் தவத்தில் இருந்தால் மரணப் படுக்கையில் சேர்த்துக்கொள்வது என்று முடிவானது.

அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே ரோமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு கோஷ்டி, கொர்னேலியுஸ் எங்கள் புதிய ஆயர் என்றது. அடுத்து வந்த கோஷ்டி, இல்லை, நொவாசியன்தான் ஆயர் என்றது.

* * *

நொவாசியன் லேசுப்பட்டவர் இல்லை. திரித்துவத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூலே எழுதிய அறிஞர். ஃபாபியன் இறந்த பிறகு ஓராண்டுக்கு மேல் ரோமையில் ஆயரே இல்லாதபோது, சபையின் சார்பில் சிப்ரியானுக்குக் கடிதம் எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆயர் பதவி கொர்னேலியுசுக்குப் போனது. அதன்பின் நொவாசியன் சொன்னது தெளிவானது: மறுதலித்தவனுக்குச் சபை ஒருநாளும் சமாதானம் தரக்கூடாது. மரணப் படுக்கையிலும் கூடாது. தவம் செய்யட்டும், மன்னிப்பது கடவுள் பாடு.

ரோமைச் சபை தன் மூலவராகச் சொல்லிக்கொள்ளும் பேதுருவே சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்தவர் என்பது அந்த அறிஞருக்குத் தெரியாததல்ல.

நொவாசியன் ஆயரான விதத்தைக் கொர்னேலியுஸ் ஒரு கடிதத்தில் விவரிக்கிறார். எதிரி எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டே படிக்கவேண்டும். இத்தாலியின் மூலையிலிருந்து மூன்று ஆயர்களை ஏதோ சமரசம் பேசவேண்டும் என்று வரவழைத்து, அறையில் அடைத்து, குடிக்கவைத்து, மாலை நாலு மணி வாக்கில் தன் தலைமேல் கைவைக்கச் செய்தாராம். அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. நற்கருணை அப்பத்தைக் கொடுக்கும்போது நொவாசியன், வாங்குகிறவரின் இரண்டு கைகளையும் தன் கைகளால் பற்றிக்கொள்வாராம். இனி கொர்னேலியுசிடம் திரும்பமாட்டேன் என்று கர்த்தரின் உடல் மேலும் இரத்தத்தின் மேலும் சத்தியம் செய்தால்தான் கையை விடுவாராம். ஆமென் என்று சொல்லவேண்டிய வாய், கொர்னேலியுசிடம் போகமாட்டேன் என்று சொல்லவேண்டும். கட்சித் தாவலைத் தடுக்க இப்படி ஒரு வழியை நம் அரசியல்வாதிகள்கூட யோசித்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவருக்குத் துணைநின்றவர்களில் முக்கியமானவர் கார்த்தேஜிலிருந்து வந்த நொவாத்துஸ். எல்லோரையும் உடனே சேர்த்துக்கொள் என்று சிப்ரியானை எதிர்த்த கோஷ்டியைச் சேர்ந்த குரு! கடலைத் தாண்டியதும், யாரையும் எப்போதும் சேர்க்காதே என்ற கட்சிக்கு வந்துவிட்டார். சண்டை கொள்கைக்காகத்தானா என்று சந்தேகம் வர இந்த ஒரு ஆள் போதும்.

அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுஸ் நொவாசியனுக்கு ஒரு சின்னக் கடிதம் போட்டார். என்னை வற்புறுத்தித்தான் ஆயராக்கினார்கள் என்கிறீர்களே, அப்படியானால் விருப்பத்தோடு விலகி அதை நிரூபித்துவிடுங்கள், சபை பிளவுபடாமல் இருக்க ஒருவர் துன்பப்படுவது சிலைக்குப் பலியிடாமல் துன்பப்படுவதற்குக் குறைந்ததல்ல என்றார். நொவாசியன் விலகவில்லை.

அந்தியோக்கியாவின் ஆயர் ஃபாபியுஸ் கண்டிப்புக் கட்சியின் பக்கம் சாய்கிறார் என்று தெரிந்ததும் அவருக்கும் தியோனிசியுஸ் எழுதினார். இந்த முறை வாதம் ஏதும் வைக்காமல் ஒரு கதையைச் சொன்னார். தன் ஊரில் நடந்தது.

செராப்பியோன் என்று ஒரு கிழவர். நெடுங்காலம் குறையில்லாமல் வாழ்ந்தவர், சோதனையில் பலியிட்டுவிட்டார். திரும்பத் திரும்பக் கெஞ்சியும் யாரும் காதுகொடுக்கவில்லை. நோயில் விழுந்து, மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். நாலாம் நாள் கொஞ்சம் தெளிவு வந்தது. பேரனைக் கூப்பிட்டு, ஒரு குருவைக் கூட்டிவா என்றார். சொல்லிவிட்டு மறுபடி நினைவிழந்தார். பையன் ஓடினான். இரவு நேரம். குருவோ தானே நோயில் படுத்திருந்தார், எழுந்து வர முடியவில்லை. சாகக் கிடப்பவர்கள் கேட்டால், அதிலும் முன்பே கேட்டிருந்தால், கொடுத்துவிட வேண்டும் என்பது தியோனிசியுஸ் போட்டுவைத்த உத்தரவு. குரு நற்கருணையில் ஒரு துணுக்கை எடுத்துப் பையன் கையில் கொடுத்தார். இதை நனைத்துத் தாத்தா வாயில் விடு.

பையன் வாசலை நெருங்கும்போதே கிழவருக்கு நினைவு வந்துவிட்டது. வந்துவிட்டாயா கண்ணு, குருவால் வர முடியவில்லை, நீ அவர் சொன்னதைச் சீக்கிரம் செய், என்னை விடு என்றார். பையன் துணுக்கை நனைத்து வாயில் விட்டான். விழுங்கியும் விழுங்காததுமாக உயிர் போனது.

கட்டளை, கூட்டம், தீர்மானம் என்று எல்லோரும் மாய்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சிறுவன் கையில் சமாதானம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஃபாபியுஸ் இதைப் படித்துவிட்டு என்ன சொன்னார் என்பதைவிட, தியோனிசியுஸ் ஒரு வாதத்துக்குப் பதில் இதை எழுதலாம் என்று தேர்ந்தெடுத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ரோமையிலும் பனி உருகியது. நொவாசியன் பக்கம் நின்ற மாக்சிமுஸ் முதலான சாட்சிகள் திரும்பி வந்தார்கள். நாங்கள் ஏமாற்றப்பட்டோம், ஒரு சபைக்கு ஓர் ஆயர்தான் என்று கூட்டத்துக்கு முன் ஒப்புக்கொண்டார்கள். சனங்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். நடந்ததையெல்லாம் கடவுள் பொறுப்பில் விட்டுவிடுவோம் என்று சொல்லி, கொர்னேலியுஸ் மாக்சிமுசுக்கு அவருடைய பழைய குரு இடத்தையே திருப்பிக் கொடுத்தார். குடிக்கவைக்கப்பட்ட மூன்று ஆயர்களில் ஒருவர் அழுதுகொண்டே வந்தார். சனங்கள் பரிந்து பேச, அவருக்கும் இடம் கிடைத்தது, ஆனால் சாதாரண விசுவாசியாக.

* * *

இதற்குள் கார்த்தேஜில் கொள்ளைநோய் புகுந்துவிட்டது. பிணங்கள் தெருவில் கிடந்தன. நம்மவர்களை மட்டும் பார்த்தால் போதாது, நம்மைத் துன்புறுத்தியவர்களையும் பாருங்கள் என்று சொல்லிச் சிப்ரியான் ஆட்களைப் பிரித்து அனுப்பினார். இன்னொரு துன்புறுத்தல் வரப்போகிறது என்ற பேச்சும் அடிபட்டது. முதல் கூட்டம் கழிந்து சுமார் இரண்டு ஆண்டுகளில் 42 ஆயர்கள் கையொப்பமிட்ட கடிதம் ரோமைக்குப் போனது. தவத்தில் இருக்கும் எல்லோரையும், பலியிட்டவர்களையும் சேர்த்து, இப்போதே ஏற்றுக்கொள்கிறோம். போருக்குப் போகிறவர்களை நிராயுதபாணியாக அனுப்ப முடியாது.

கைக்குழந்தையின் வாந்தியில் தெய்வ கோபத்தைக் கண்ட அதே மனிதர்!

கொள்கை மாறிவிட்டீர்களே என்று அந்தோனியான் என்ற ஆயர் ஏற்கெனவே அவரிடம் கேட்டிருந்தார். அதற்குச் சிப்ரியான் எழுதிய நீண்ட பதிலை, அவர் எழுதியவற்றிலேயே சிறந்ததாக நான் வைப்பேன். எல்லாப் பலியும் ஒன்றல்ல என்கிறார். கூப்பிட்டவுடன் தாவிப் போனவனும், நெடுநேரம் போராடிவிட்டு வேறு வழியில்லாமல் போனவனும் ஒன்றா? தானும் பலியிட்டு மனைவி, மக்கள், குடியிருப்பவர்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனவன் ஒருவன். எல்லோருக்கும் சேர்த்துத் தான் ஒருவனே அந்தப் பழியைச் சுமந்து, குடும்பத்தைத் தொடவிடாமல் காத்து, துரத்தப்பட்டு வந்த சகோதரர்களுக்கு வீட்டில் அடைக்கலமும் கொடுத்தவன் இன்னொருவன். இந்த இரண்டாமவனை என்ன செய்யப்போகிறீர்கள்? ஒளிவிடத்திலிருந்து இதை எழுதியிருக்க முடியாது. ஊர் திரும்பி, ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கதை கேட்ட பிறகுதான் எழுத முடிந்தது.

அதே கடிதத்தில் இன்னொன்றையும் போகிறபோக்கில் சொல்கிறார். தனக்கு முந்தைய தலைமுறை ஆப்பிரிக்க ஆயர்களில் சிலர், விபசாரத்தில் விழுந்தவர்களைச் சேர்ப்பதே இல்லை. சிலர் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அதற்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு போகவில்லை. அவரவர் சபைக்கு அவரவர் கடவுளிடம் கணக்குக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எழுதுவது எளிது. தெராப்பியுஸ் என்ற ஆயர், விக்தோர் என்ற குருவைத் தவம் முடியுமுன்பே, யாரையும் கேட்காமல் சேர்த்துக்கொண்டுவிட்டார். 66 ஆயர்கள் கூடியிருந்த மன்றத்துக்குக் கோபம். தெராப்பியுசை நன்றாகக் கண்டித்தார்கள். சரி, விக்தோரை வெளியே தள்ளினார்களா? இல்லை. எப்படிக் கொடுத்திருந்தாலும் கொடுத்த சமாதானத்தைப் பிடுங்குவதில்லை என்று விட்டுவிட்டார்கள். கார்த்தேஜின் அந்த முடிவைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அது பிடிக்கும்.

கொர்னேலியுஸ் 253-ல் நாடுகடத்தப்பட்ட இடத்திலேயே இறந்தார். 254-ல் ஸ்தேவான் ரோமையின் ஆயரானார். அவரோடு ஒரு புதுக் கேள்வியும் வந்து சேர்ந்தது. நொவாசியனின் கூட்டத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இப்போது நம்மிடம் வருகிறார்களே, அவர்களுக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்கவேண்டுமா? கொடுத்தாகவேண்டும், சபைக்கு வெளியே ஞானஸ்நானமே கிடையாது என்றார் சிப்ரியான். தேவையில்லை, தலையில் கைவைத்து ஏற்றுக்கொண்டால் போதும், அதுதான் பழைய வழக்கம் என்றார் ஸ்தேவான்.

யார் இளகியவர் என்று கேட்டால் ஸ்தேவான் என்றுதான் சொல்லத் தோன்றும். வந்தவர்களை அவமானப்படுத்தாமல் உள்ளே விடுகிறவர் அவர்தானே? ஆனால் இதை ஆப்பிரிக்காவில் வேறுவிதமாகச் செய்தால் உறவே கிடையாது என்று மிரட்டியவரும் அவர்தான். சிப்ரியானைப் பொய்க் கிறிஸ்து, போலி அப்போஸ்தலன் என்று ஏசியதாகக் கப்பதோக்கியாவின் ஆயர் ஃபிர்மிலியான் எழுதுகிறார். கார்த்தேஜிலிருந்து கடல் கடந்து போன தூது ஆயர்களை ஸ்தேவான் முகம்கொடுத்துப் பார்க்கவே இல்லை. போதாததற்கு, இவர்களை யாரும் வீட்டுக்குள் சேர்க்கக்கூடாது என்று ரோமைச் சபை முழுவதற்கும் உத்தரவு. உடன்பாடு இல்லையென்றால் சரி, ஒரு வாய்த் தண்ணீரும் திண்ணையும்கூடவா இல்லை? ஆயர்கள் ரோமைத் தெருவில் நின்றார்கள்.

256 செப்டம்பர் 1. கார்த்தேஜில் 87 ஆயர்கள். குருக்கள், திருத்தொண்டர்கள், பெருங்கூட்டமாகச் சனங்கள். சிறையிலும் சித்திரவதையிலும் தேறிவந்த சாட்சிகள் சிலர் ஆயர்களாகவே அந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்தேவான் போட்ட கடிதத்தின் வாசகம் சிப்ரியானுக்கு முன்பே தெரியும். ஒரு வார்த்தை போதும், ஆப்பிரிக்காவும் ரோமையும் இரண்டு சபைகளாகிவிடும். கூடியிருந்தவர்களில் பலர் அந்த வார்த்தைக்காகத்தான் வந்திருந்தார்கள் என்றாலும் ஆச்சரியமில்லை. கடிதங்கள் வாசிக்கப்பட்டன. சிப்ரியான் பேச எழுந்தார்.

(தொடரும்)